அரசுப் பள்ளியில் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது எப்படி?

அரசுப் பள்ளிகளில் சமயத்தைக் கற்பிக்கலாமா என்ற கேள்வி எழும் இடமெல்லாம் பேச்சு முட்டி நிற்பதற்கு முதற்காரணம், மூன்று வெவ்வேறு செயல்களை ஒரே கேள்விக்குள் போட்டுப் பேசுவதுதான். மாணவரை வழிபடச் செய்வது ஒன்று. ஒரு சமயத்தின் கொள்கையை உண்மையென்று போதித்து மாணவரை அதில் வளர்ப்பது மற்றொன்று. மக்கள் எவற்றை நம்புகின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர், அந்த நம்பிக்கை வரலாற்றிலும் கலையிலும் சட்டத்திலும் என்ன விளைவுகளை உண்டாக்கியிருக்கிறது என்பவற்றை அறியச் செய்வது மூன்றாவது. ஆகவே பாடத்திட்டக் குழுவிலோ பள்ளி நிர்வாகத்திலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ இந்தப் பேச்சு தொடங்கும்போது, முன்வைக்கப்பட்டிருக்கும் திட்டம் இம்மூன்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் எழுத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் தொடங்கும் கூட்டத்தில், ஒருவர் மூன்றாவதை ஆதரித்துப் பேச, எதிரில் இருப்பவர் முதலாவதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருப்பார்.

அரசுப் பள்ளியில் முதல் இரண்டுக்கும் இடமில்லை, மூன்றாவது கட்டாயம் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அரசுப் பள்ளிக்கு எல்லாச் சமயத்தாரும், சமயம் வேண்டாம் என்போரும் வரி கட்டுகின்றனர். அங்கே வருகை கட்டாயம். ஆசிரியரின் கையில் மதிப்பெண் இருக்கிறது. வருகையும் மதிப்பெண்ணும் தன் கையில் இல்லாத ஒரு சிறுவனிடம், அரசின் சம்பளம் பெறும் ஒருவர், “இதுவே உண்மை, கைகூப்பு” என்று சொல்வது வேண்டுகோளாகாது, அது கட்டளை. மறுபுறம், சமயங்களைப் பற்றி ஒன்றுமே பேசாத பள்ளியும் நடுநிலையான பள்ளி ஆகிவிடாது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலிருந்த பிணக்கு என்னவென்று சொல்லாமல் 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய முப்பதாண்டுப் போரை விளக்க முடியாது. மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாப்டிஸ்ட் போதகர் என்பதையும், 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் உரையில் நீதி தண்ணீரைப்போலப் பெருக்கெடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது விவிலியத்தில் வரும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாக்கு என்பதையும் விட்டுவிட்டால், அந்த உரையின் பாதி வலிமை மாணவருக்கு எட்டாது. சமணமும் பௌத்தமும் என்ன சொல்கின்றன என்று தெரியாத மாணவருக்கு மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை வெறும் பெயர்ப்பட்டியலாகவே தோன்றும். பள்ளி பேசாமல் விட்ட இடத்தை வதந்தியும் கைப்பேசியில் பரவும் காணொளிகளும் நிரப்புகின்றன. அவற்றைத் திருத்துவதற்கு அங்கே ஆசிரியர் இருப்பதில்லை.

இந்த மூன்றாவது வகைக் கல்வியை எப்படி வகுப்பது, எப்படி நடத்துவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதே இனி வருவது.

சட்டத்தை முதலில் படிக்கவும்

ஒரு நாட்டில் கடமையாக இருப்பது மற்றொரு நாட்டில் தடையாக இருக்கிறது. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 7(3) பிரிவில், சமய போதனையை அரசுப் பள்ளிகளின் வழக்கமான பாடமாகவே வைத்திருக்கிறது. பாடத்தின் உள்ளடக்கம் அந்தந்தச் சமய அமைப்பின் கொள்கைக்கு இணங்க அமையும், ஆனால் எந்த ஆசிரியரையும் அவர் விருப்பத்துக்கு மாறாக அதை நடத்தக் கட்டாயப்படுத்த முடியாது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 28(1) பிரிவோ, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்று விதிக்கிறது. ஆனால் இந்தத் தடை, சமயங்களைப் பற்றிய அறிவுக்குப் பொருந்தாது. குருநானக்கின் வாழ்க்கையையும் போதனைகளையும் கற்பதும் ஆராய்வதும் சமய போதனை ஆகிவிடாது என்று 1971இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. சமயங்களைப் பற்றிய கல்வி மதச்சார்பின்மைக்கு முரணானதன்று என்று 2002இல் மீண்டும் கூறியது. சமய போதனைக்கும் சமயங்களைப் பற்றிய கல்விக்கும் இடையிலான வேறுபாட்டை 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு ஏற்கெனவே தெளிவாகப் பிரித்துக் காட்டியிருந்தது.

அமெரிக்காவிலும் கோடு அதே இடத்தில்தான் விழுந்தது. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் இயற்றிய ஒரு சிறு பிரார்த்தனையைப் பள்ளிகளில் ஓதச் செய்வது செல்லாது என்று 1962இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரும்பாத மாணவர் பேசாமல் இருக்கலாம், வெளியே போகலாம் என்ற சலுகை இருந்தும் அது செல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வகுப்பு தொடங்கும்போது குறைந்தது பத்து விவிலிய வசனங்களை வாசிக்க வேண்டும் என்ற பென்சில்வேனியா மாநிலச் சட்டம் மறு ஆண்டில் விழுந்தது. அந்த 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பள்ளியிலிருந்து சமயத்தை வெளியேற்றிய தீர்ப்பு என்று சிலர் புகழ்ந்தும் சிலர் பழித்தும் பேசுகின்றனர். இரு தரப்பாரும் தீர்ப்பின் மறுபாதியை விட்டுவிடுகின்றனர்: சமயங்களின் வரலாற்றையும் ஒப்பீட்டையும் நடுநிலையோடு, பொதுக்கல்வியின் பகுதியாகக் கற்பிப்பதற்குத் தடை ஏதும் இல்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

எந்த நாட்டில் இருந்தாலும் ஒத்துப் பார்க்கத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டின் குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, தம் பிள்ளைகளின் சமய, ஒழுக்கக் கல்வி தம் மனச்சாட்சிக்கு இணங்க அமைய வேண்டும் என்று கோரும் உரிமையைப் பெற்றோருக்கு 18(4) பிரிவில் உறுதிசெய்கிறது. அதற்கு 1993இல் விளக்கம் எழுதிய ஐ.நா. மனித உரிமைக் குழு, சமயங்களின் பொது வரலாறு, அறவியல் போன்ற பாடங்களை நடுநிலையாகவும் உள்ளது உள்ளபடியும் அரசுப் பள்ளிகள் கற்பிக்கலாம் என்றும், ஒரு குறிப்பிட்ட சமயத்தைப் போதிப்பதானால் விரும்பாதோருக்குப் பாகுபாடற்ற விலக்கோ மாற்று ஏற்பாடோ இருந்தாக வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. உங்கள் நாட்டுச் சட்டம் போதனையை அனுமதிக்கிறதா, வழிபாட்டைப் பற்றி என்ன சொல்கிறது, விலக்கு கோரும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

எந்தப் பாடத்தில், எந்த வயதில்

தனிப்பாடம் வைப்பதா, இருக்கும் பாடங்களுக்குள் சேர்ப்பதா என்பதற்கு இரு வழிகளும் நடைமுறையில் உள்ளன. 2002இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெஜி தெப்ரே அந்நாட்டு அரசுக்கு அளித்த அறிக்கை, மதச்சார்பற்ற பள்ளியில் சமயங்களைப் பற்றிய அறிவு வேண்டும் என்று வலியுறுத்தியபோதும் அதற்கெனத் தனிப்பாடம் கேட்கவில்லை. வரலாறு, இலக்கியம், கலை ஆகிய பாடங்களின் வழியாகவே கற்பிக்கப் பரிந்துரைத்தது. கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரப் பள்ளிகள், 2000ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் உலக சமயங்களைப் பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கின. அங்கே நடந்த ஆய்வு, பிறரின் சமய உரிமையை மதிக்கும் மனப்பான்மை மாணவரிடம் வளர்ந்ததாகவும், பாடத்தைப் படித்ததனால் அவர்கள் தம் சொந்த நம்பிக்கையைக் கைவிட்டுவிடவில்லை என்றும் கண்டது. பிறவற்றை அறிந்தால் பிள்ளை தன் சமயத்தை விட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது பிரெஞ்சு வழியை. தனிப்பாடத்துக்குத் தனி ஆசிரியர், தனிப் பயிற்சி, தனிப் பாடநூல் எல்லாம் வேண்டும். அவை இல்லாத இடத்தில் அந்தப் பாடவேளை, யாருக்கு நேரம் ஒழிந்திருக்கிறதோ அவர் கைக்குப் போய்ச் சேரும், அவர் தமக்குத் தெரிந்த சமயத்தையே நடத்துவார். வரலாற்று ஆசிரியரிடம் சான்றுகளைக் கையாளும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டைப் படிக்கும் வகுப்பில், தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழாதிருக்க வேண்டும் என்று ஓர் அரசன் ஏன் பாறையில் வெட்டி வைத்தான், அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்று கேட்பது வரலாற்றுக் கேள்விதான். அதற்குள்ளேயே சமயக் கல்வியும் நடந்துவிடுகிறது.

தொடக்க வகுப்புகளில் மக்களின் வாழ்க்கை, விழாக்கள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றை அறிமுகம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த வயதுக் குழந்தை, ஆசிரியர் உண்மையென்று சொல்வதற்கும் பிறர் நம்புவதை ஆசிரியர் விவரிப்பதற்கும் வேறுபாடு காண்பது கடினம். கொள்கைகளை ஒப்பிடுவதும், ஒரே வசனத்துக்கு இரு பொருள்கோள்கள் இருப்பதை ஆராய்வதும் மேல்வகுப்புகளுக்கு உரியவை. ஜெர்மனியில் 1921ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டம், பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை தன் சமயத்தைத் தானே முடிவுசெய்யலாம் என்கிறது. ஒப்பீட்டுப் பாடத்தைத் தொடங்குவதற்கும் அந்த வயது ஏற்றது என்றே நான் கருதுகிறேன்.

பாடநூலின் வாக்கியங்கள்

சமயப் பாடம் நல்லதாவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் வாக்கிய அளவிலேயே நடக்கிறது. ஆதலால் குழுவினர் கொள்கைத் தீர்மானங்களில் செலவிடும் நேரத்தைவிட, பாடநூலின் கையெழுத்துப் படியை வரிவரியாகப் படிப்பதில் செலவிடும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும்.

ரமலான் நோன்பைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். “ரமலான் நோன்பு மனிதரைத் தூய்மைப்படுத்தி இறைவனிடம் சேர்க்கிறது” என்று எழுதினால், அரசுப் பாடநூல் தன் சொந்தக் குரலில் ஒரு சமயக் கொள்கையை உண்மையென்று சாற்றுகிறது. “இஸ்லாமியர் இன்றும் பகல் முழுவதும் பட்டினி கிடக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை” என்று எழுதினால், அதே பாடநூல் ஒரு சமூகத்தை மாணவர் முன்னால் சிறுமைப்படுத்துகிறது. இரண்டையும் தவிர்த்து, “ரமலான் மாதத்தில் முஸ்லிம்கள் வைகறை முதல் கதிரவன் மறையும் வரை உண்ணாமலும் பருகாமலும் நோன்பிருக்கின்றனர். இது இறைவன் தமக்கு இட்ட கடமை என்று அவர்கள் நம்புகின்றனர். நோயாளிகள், பயணத்தில் இருப்போர், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. இஸ்லாமிய நாட்காட்டி நிலவைச் சார்ந்தது என்பதால் ரமலான் ஒவ்வோராண்டும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னதாக வருகிறது” என்று எழுதலாம். முதல் வாக்கியம் செயலைச் சொல்கிறது. இரண்டாவது, நம்பிக்கையை நம்புவோர் பெயரிலேயே சொல்கிறது. மூன்றாவது, உள்ளிருக்கும் நெகிழ்வைக் காட்டுகிறது. நான்காவது, எவரும் சரிபார்க்கத்தக்க செய்தி. எந்தச் சமயத்தைப் பற்றிய பத்தியையும் இப்படிப் பிரித்துப் பார்த்து, நம்பிக்கையைக் கூறும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நம்புவோர் யார் என்பது இருக்கிறதா என்று சோதியுங்கள். பெரும்பான்மைச் சமயத்தைப் பற்றிய பக்கங்களில்தான் இது அதிகம் விடுபடும், ஏனெனில் எழுதுபவருக்கு அது நம்பிக்கையாகவே தோன்றாமல், ஊரறிந்த செய்தியாகத் தோன்றிவிடுகிறது.

அடுத்து, எந்தச் சமயமும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பது பக்கங்களில் தெரிய வேண்டும். அமெரிக்கச் சமயக் கல்விப் பேரவை 2010இல் பள்ளிகளுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே அடிப்படையாக வைக்கிறது: சமயங்கள் உள்ளுக்குள் பல வகைப்பட்டவை, காலத்தோடு மாறுபவை, பண்பாட்டோடு பின்னிக் கிடப்பவை. இதைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கியின் வழக்கு சான்று. அந்நாட்டின் கட்டாயச் சமயப் பாடம் சன்னி இஸ்லாத்தின் கோணத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அந்நாட்டுச் சிறுபான்மையரின் மரபான தம் அலெவி மரபுக்கு அதில் உரிய இடமில்லை என்று ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. நடுநிலையும் பன்மையும் அப்பாடத்தில் இல்லை என்று 2007இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல சமயங்களைச் சேர்த்துவிட்டோம் என்று நிறைவடைந்துவிடாமல், ஒவ்வொரு சமயத்துக்குள்ளும் இருக்கும் சிறு பிரிவினர் அந்த அத்தியாயத்தில் தம்மைக் காண முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சமயம் எதையும் சாராதோரையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பொதுத்தேர்வுக்கான சமயப் பாடத்தில் மனிதநேயக் கொள்கை போன்ற சமயம் சாரா நோக்குகளுக்குப் போதிய இடமில்லை என்று பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில், கல்வித் துறை தன் பன்மைக் கடமையில் தவறியதாக லண்டன் உயர் நீதிமன்றம் 2015இல் கூறியது. கடவுளை மறுப்போரும் ஐயுறுவோரும் எல்லா நாடுகளிலும் வாழ்ந்திருக்கின்றனர். அவர்களைப் பற்றிய பாடம், அவர்களைக் குறையுள்ளவர்களாகக் காட்டாமல் அவர்களுடைய காரணங்களைச் சொல்ல வேண்டும்.

பக்க எண்ணிக்கையைச் சமமாகப் பங்கிடுவதை மட்டும் நியாயம் என்று கொள்ளாதீர்கள். ஒரு சமயத்துக்கு ஓவியமும் கட்டடக்கலையும் நிறைந்த பத்துப் பக்கங்களும், மற்றொன்றுக்குப் படையெடுப்பும் கலவரமும் நிறைந்த பத்துப் பக்கங்களும் கொடுத்தால் அது சமமன்று. படங்களைத் தனியாக எடுத்து வரிசையாகப் பரப்பி வைத்துப் பாருங்கள்; எழுத்தில் மறைந்திருந்த சாய்வு அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். அதேபோல, கசப்பான பக்கங்களை நீக்கிவிட்டு எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்று முடிப்பதும் மாணவரை ஏமாற்றுவதே. அடிமை முறையை ஒழிக்க முன்னின்றவர்களுள் குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர் இருந்தனர். அடிமைகளை வைத்திருந்தவர்களும் வேதவசனங்களையே காட்டித் தம் செயலை நியாயப்படுத்தினர். 1807இல் பிரிட்டன் அடிமை வாணிகத்தைத் தடைசெய்த வரலாற்றைச் சொல்லும் பாடம் இரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே நூலிலிருந்து எதிரெதிர் முடிவுகள் எப்படிப் பிறந்தன என்று மாணவர் கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்தால் பாடம் நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.

எழுதி முடித்த அத்தியாயத்தை அந்தச் சமயத்தைப் பின்பற்றும் ஒருவரிடமும், அதில் நம்பிக்கை இல்லாத ஒருவரிடமும், அத்துறையில் ஆய்வறிவு உள்ள ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலாமவர் இதில் தம் சமயத்தை அடையாளம் காண வேண்டும்; இரண்டாமவர் தம்மை இழுக்கும் கை எதையும் இதில் உணரக் கூடாது; மூன்றாமவருக்குப் பிழை தென்படக் கூடாது. சமய அமைப்புகளின் கருத்தைக் கேட்பது தேவைதான். ஆனால் இறுதி முடிவு அவர்கள் கையில் இருந்தால், ஒவ்வொருவரும் தம் அத்தியாயத்தைத் துதிப்பாடலாக்கிவிடுவர்.

வகுப்பறையில்

செயல்வழிக் கற்றல் பிற பாடங்களில் எவ்வளவு பயன்தந்தாலும், இந்தப் பாடத்தில் ஓர் எல்லைக்கு மேல் அதைக் கொண்டுசெல்லக் கூடாது. வழிபாட்டை நடித்துக் காட்டச் சொல்வது, மந்திரத்தையோ பிரார்த்தனையையோ ஓதச் சொல்வது, புனித உணவை உண்ணச் சொல்வது ஆகியவை அறிவிக்கும் எல்லையைக் கடந்து பங்கேற்கச் செய்யும் எல்லைக்குள் போய்விடுகின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2015 டிசம்பரில் ஒரு புவியியல் ஆசிரியை, அரபு எழுத்துக்கலையின் நுட்பத்தை மாணவர் உணரட்டும் என்று ஒரு வரியைப் பார்த்து வரையச் சொன்னார். அந்த வரி, இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழியான ஷஹாதா. ஆசிரியையின் நோக்கம் எழுத்துக்கலைதான். ஆயினும் எழுந்த சீற்றத்தில் அந்த மாவட்டத்தின் பள்ளிகள் அனைத்தையும் ஒருநாள் மூட வேண்டியதாயிற்று. அரபு எழுத்தின் அழகைக் காட்ட ஒரு பழமொழியோ கவிதை வரியோ போதும். தேர்ந்தெடுக்கும் சான்று, அந்தச் சமயத்தார்க்கு எத்தகைய எடையுள்ளது என்று ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

வழிபாட்டிடங்களைப் பார்க்க அழைத்துச் செல்வது மிகுந்த பயன் தரும். வழிபாடு நடக்காத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாணவர் பார்வையாளராக மட்டும் இருப்பார்கள் என்று அங்கிருப்போரிடம் முன்னரே பேசி ஒப்புதல் பெறுங்கள். காலணியைக் கழற்றுவது, தலையை மூடுவது போன்ற மரியாதை வேறு, விழுந்து வணங்குவது வேறு என்பதைப் புறப்படும் முன் வகுப்பில் விளக்குங்கள். ஒரு சமயத்தின் இடத்துக்கு மட்டும் போய்வந்து நிறுத்திவிடாமல் ஆண்டு முழுவதற்கும் திட்டமிடுங்கள். சமய அறிஞரை வகுப்புக்கு அழைப்பதானால், வந்தவர் தம் மரபை விளக்கலாம், மாணவரைத் தம் பக்கம் அழைக்கக் கூடாது என்ற வரையறையை எழுத்தில் கொடுத்து, ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.

வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைத் தம் சமயத்தின் பிரதிநிதிகளாக்குவது மிகவும் பரவலான தவறு. “நீ கிறித்தவப் பெண்தானே, உயிர்த்தெழுதல் என்றால் என்னவென்று சொல்” என்று கேட்கும் ஆசிரியர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் அந்தச் சிறுமிக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்ல விருப்பமில்லாமல் இருக்கலாம். தன் வீட்டு நம்பிக்கையை நாற்பது பேர் முன்னால் அறிவிக்க எந்தக் குழந்தையையும் பள்ளி கேட்கக் கூடாது. தானாக முன்வந்து பேசும் பிள்ளையைப் பேச விடுங்கள்; அப்போதும், “உங்கள் வீட்டில் அப்படிச் செய்கிறீர்கள்; உங்கள் சமயத்தைச் சேர்ந்தவர்களிலேயே வேறுவிதமாகச் செய்வோரும் உண்டு” என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மாணவர் கேட்கும் கேள்விகள்

“சார், எந்தச் சாமி உண்மை?” என்ற கேள்வி வந்தே தீரும். “இதற்கு மனிதர் பல விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். எது உண்மை என்று முடிவுசெய்வது இந்த வகுப்பின் வேலையன்று. அதை உன் பெற்றோரோடு பேசு, வளர்ந்தபின் நீயும் யோசி. எந்த விடையை யார், ஏன் சொன்னார்கள் என்பதை நாம் இங்கே தெரிந்துகொள்ளலாம்” என்பது போதுமான பதில். “நீங்கள் எதை நம்புகிறீர்கள்?” என்று ஆசிரியரையே கேட்டால், மேல்வகுப்பில் ஒரே சொற்றொடரில் உண்மையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம், கீழ்வகுப்பில் சொல்லாதிருப்பதே நல்லது, ஏனெனில் அங்கே ஆசிரியரின் நம்பிக்கை சரியான விடையாகிவிடும்.

“சாமி கும்பிடாதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று பாட்டி சொன்னார், அப்படியானால் என் தோழி போவாளா?” என்று கலங்கிய முகத்தோடு கேட்கும் குழந்தைக்குப் பாட்டியை மறுத்தும் சொல்லாதீர்கள், ஆமோதித்தும் சொல்லாதீர்கள். “இறப்புக்குப் பின் என்ன நடக்கும் என்பதில் மக்கள் வெவ்வேறாக நம்புகிறார்கள், ஒரே வீட்டிலும்கூட. நீயும் உன் தோழியும் இந்த வகுப்பில் ஒன்றுதான்” என்று சொல்லி, பிறகு தனியாக அக்குழந்தையோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒரு மாணவர் மற்றொருவரின் சமயத்தைக் கேலி செய்தால் அதைச் சமய விவாதமாக எடுத்துக்கொள்ளாமல், ஒழுங்கு மீறலாகவே அங்கேயே நிறுத்த வேண்டும். கொள்கையை விமர்சிப்பதற்கும் ஆளை இழிவுபடுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டின் முதல் வகுப்பிலேயே நிறுவிவிட்டால், பின்னால் எழும் சச்சரவில் பாதி எழாமலே போகும்.

தேர்வு

மதிப்பெண் அறிவுக்கு உரியது, நம்பிக்கைக்கு உரியதன்று. “கடவுள் நமக்குச் செய்த நன்மைகளை விவரிக்க” என்ற வினாவுக்குக் கடவுளை நம்பாத மாணவர் பொய் சொன்னால்தான் மதிப்பெண் பெற முடியும். “பௌத்தத்தில் துன்பத்துக்குக் காரணமாகக் கூறப்படுவது யாது? அதிலிருந்து விடுபட அது காட்டும் வழியை விளக்குக” என்ற வினாவுக்கு எவரும் தம் மனச்சாட்சியை மீறாமல் விடை எழுதலாம். மாணவரின் கருத்தைக் கேட்கும் வினா இருந்தால், எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு மதிப்பெண் இல்லை, தந்த காரணங்களுக்கும் சான்றுகளுக்குமே மதிப்பெண் என்பதை விடைக்குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள்.

விலக்கு

நார்வே 1997இல் கிறித்தவத்தை மையமாகக் கொண்டு, பிற சமயங்களையும் மெய்யியலையும் சேர்த்து ஒரு கட்டாயப் பாடத்தை அறிமுகப்படுத்தியது. முழு விலக்கு இல்லை. பகுதி விலக்கு வேண்டுமானால், எந்த வகுப்பில் எது நடக்கப்போகிறது என்று பெற்றோர் முன்னரே அறிந்து, தகுந்த காரணம் காட்டிக் கேட்க வேண்டும். காரணம் காட்டுவதென்றால் தம் அந்தரங்க நம்பிக்கைகளைப் பள்ளியிடம் திறந்து காட்ட வேண்டிவரும் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒன்பதுக்கு எட்டு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008இல் கொண்டுவந்த அறவியல், சமயப் பண்பாட்டுப் பாடத்திலும் விலக்கு மறுக்கப்பட்டது. ஆனால் அங்கே 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பல சமயங்களைப் பற்றி அறிய நேர்வது மட்டுமே எவருடைய சமய உரிமையையும் பறித்துவிடாது என்று கூறிப் பெற்றோரின் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் நடைமுறைக்கு ஒரு வழி கிடைக்கிறது: பாடம் எந்த அளவுக்கு ஒரு பக்கம் சாய்கிறதோ, அந்த அளவுக்கு விலக்கு எளிதாக இருக்க வேண்டும். உங்கள் பாடம் உண்மையிலேயே விவரிக்கும் பாடமாக இருந்தாலும், தொடக்க ஆண்டுகளில், வழிபாட்டிடப் பயணம் போன்றவற்றுக்குக் காரணம் கேட்காத விலக்கைக் கொடுத்துவிடுவது நல்லது. விலக்குப் பெற்ற பிள்ளையை வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைப்பது விலக்காகாது, தண்டனை. நூலகத்தில் பொருளுள்ள வேறொரு வேலையைக் கொடுங்கள், அதைப் பிற மாணவர் முன்னால் பேசுபொருளாக்காதீர்கள்.

பெற்றோரும் ஆசிரியரும்

பாடம் தொடங்கும் முன் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, பாடநூலின் படிகளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். புரட்டிப் பார்த்த நூலைப் பற்றி வதந்தி பரவுவது கடினம். புகார் யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதும் அன்றே தெரிந்துவிட வேண்டும். வகுப்பாசிரியரைத் தனியாக நிறுத்தி, கோபத்தோடு வருபவர்களை அவர் தலையில் கட்டிவிடும் பள்ளியில் அடுத்த ஆண்டு இந்தப் பாடத்தை நடத்த எவரும் முன்வரமாட்டார்கள். ஆசிரியருக்கு வேண்டிய பயிற்சியில் சமயங்களைப் பற்றிய தகவல் பாதி. எஞ்சிய பாதி, தம் சொந்த நம்பிக்கையோ வெறுப்போ குரலில் கலந்துவிடாமல் நடத்தும் பழக்கம். சக ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து கவனித்துச் சொன்னாலொழிய அது எவருக்கும் தானாகத் தெரிவதில்லை. பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்புக்கான ஐரோப்பிய அமைப்பு 2007இல் வெளியிட்ட டொலேடோ வழிகாட்டு நெறிகளும், ஆசிரியரின் தகுதியை அவருடைய சமயத்தைக் கொண்டு அளக்காமல், அறிவையும் நடுநிலையையும் கொண்டே அளக்க வலியுறுத்துகின்றன.

முதலாண்டு முடிந்ததும் மாணவரிடம் பெயர் எழுதாத தாளில் இரண்டு கேள்விகளுக்கு விடை வாங்குங்கள். இந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்று பாடம் நடத்திய விதத்திலிருந்து உன்னால் சொல்ல முடியுமா? உன் வீட்டு நம்பிக்கையைப் பற்றி இந்த வகுப்பில் ஏதேனும் தவறாகச் சொல்லப்பட்டதாக நினைக்கிறாயா? முதற்கேள்விக்குப் பெரும்பாலான தாள்களில் ஒரே சமயத்தின் பெயர் வந்தாலோ, இரண்டாவதற்கு ஒரு சமூகத்துப் பிள்ளைகளிடமிருந்து மட்டும் ஆமென்று விடை வந்தாலோ, பாடநூலின் அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு வாக்கியங்களை மறுபடியும் திருத்தத் தொடங்குங்கள்.